தளர்ந்த செயினும் தவறிய நேரமும்



போன மாதம் சைக்கிள் வரலாறு எழுதியபோது செயினைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். "வண்டி இன்ஜினுக்குள்ளேயும் ஒரு செயின் ஓடுதாமே, அதைப் பத்தி எழுதுங்க சார்" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். இது அவர்களுக்காக. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் இன்ஜினியர் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். மெக்கானிக் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெடலை மிதிக்கும் திசையில் மற்றொரு கையால் அழுத்துங்கள். செயினின் மேல் பக்கம் கம்பி போல விறைத்து நிற்கும். கீழ்ப் பக்கம் தொய்ந்து தொங்கும். இழுக்கிற பக்கம் இறுகும், திரும்பி வருகிற பக்கம் தொய்யும். எந்தச் செயினுக்கும் இதுதான் விதி. இந்தப் பதிவு முழுவதற்கும் இந்த ஒரு காட்சி மனதில் இருந்தால் போதும்.

இன்ஜினுக்குள் பெடல் சக்கரத்தின் இடத்தில் கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது அது. பின் சக்கரத்தின் இடத்தில் கேம் ஷாஃப்ட். அதில் முட்டை வடிவக் குமிழ்கள் இருக்கும். அவைதான் வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேமின் பல் சக்கரத்தில் இரண்டு மடங்கு பற்கள். கிராங்கில் 14 என்றால் கேமில் 28.

சைக்கிளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சைக்கிளில் பெடல் எந்த இடத்தில் இருக்கும்போது பின் சக்கரத்தின் டியூப் வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. செயின் தளர்ந்தால் கழன்று விழும், மாட்டிக்கொண்டு போவோம், அவ்வளவுதான். இன்ஜினில் அப்படி இல்லை. பிஸ்டன் இன்ன இடத்தில் இருக்கும்போது வால்வு இன்ன அளவு திறந்திருக்க வேண்டும் என்று டிகிரிக் கணக்கு இருக்கிறது. அங்கே செயின் சக்தியை மட்டும் கடத்தவில்லை, நேரத்தையும் கடத்துகிறது. டைமிங் செயின் என்ற பெயரே அதனால்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சுவிட்சர்லாந்தின் ஆரவ் என்ற ஊரில் 1852-இல் பிறந்தவர் ஹான்ஸ் ரெனால்டு. (கார் செய்யும் பிரெஞ்சு ரெனால்ட் வேறு, இவர் வேறு. இரண்டும் தமிழில் ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பம் வரும்.) 1873-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வேலை தேடி வந்தார். அந்தப் பகுதி முழுக்கப் பஞ்சாலைகள். ஆலைகளுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரின் சிறு தொழிலை 1879-இல் விலைக்கு வாங்கினார். ஸ்லேட்டரின் செயினில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் பின், மெல்லிய தகட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டு திரும்பியது. கத்தி முனை போலக் குறுகிய இடம், சீக்கிரம் தேயும். ரெனால்டு என்ன செய்தார்? தகடுகளுக்கு நடுவே ஒரு குழாய்த் துண்டை, அதாவது புஷ்ஷை, வைத்தார். இப்போது பின் தன் முழு அகலத்துக்கும் புஷ்ஷின் உள்ளே உட்கார்ந்து திரும்புகிறது. சுமை பரவுகிறது, தேய்மானம் குறைகிறது. 1880-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் சைக்கிளிலும் பைக்கிலும் ஓடுவது அடிப்படையில் அந்தச் செயின்தான்.

தேய்மானம் குறைந்தது என்றுதான் சொன்னேன், நின்றது என்று சொல்லவில்லை. "செயின் நீண்டு போச்சு" என்று நாம் சொல்வது அரை உண்மை. இரும்புத் தகடு ரப்பர் போல நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் துளித் துளியாகத் தேய்கின்றன. அந்தத் துளிகள் எல்லாம் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகின்றன.

ஆரம்பகாலக் கார்களில் இது பெரிய பிரச்சினை இல்லை. கேம் ஷாஃப்ட் கீழே கிராங்க் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பல் சக்கரங்களை நேருக்கு நேர் கோர்த்துவிட்டார்கள். நேரம் தவறாது. ஆனால் சத்தம் போடும். நம் ஊர் பழைய புல்லட்டில் கேம்களைச் சுழற்றியது இப்படிப்பட்ட கியர் சக்கரங்கள்தான். அதில் டைமிங் செயின் கிடையாது.

வேகம் வேண்டும் என்றபோது வால்வுகளுக்கு நேர் மேலே, இன்ஜினின் தலையிலேயே கேமை வைக்க வேண்டி வந்தது. 1912-இல் பெஜோ நிறுவனம் பந்தயக் கார் ஒன்றில் இரண்டு கேம்களைத் தலையில் வைத்து பிரெஞ்சு கிராண்ட் பிரீ போட்டியில் வென்றது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆனால் கீழே இருக்கும் கிராங்குக்கும் மேலே போய்விட்ட கேமுக்கும் நடுவே இப்போது ஒரு முழங்கை தூரம். அதை எப்படிக் கடப்பது?

பல வழிகள் முயன்றார்கள். கியர்களை அடுக்கினார்கள், விலையும் அதிகம், இரைச்சலும் அதிகம். செங்குத்தாக ஒரு கம்பியை நிறுத்தி இரு முனையிலும் சாய்ந்த கியர் வைத்தார்கள்; அருமையானது, ஆனால் பொருத்துவதற்கு நகைத் தொழிலாளியின் கை வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பென்ட்லியின் வழி. டபிள்யூ.ஓ. பென்ட்லி இளமையில் டான்காஸ்டர் ரயில் பட்டறையில் தொழில் பழகியவர். 1926-இல் வந்த ஆறரை லிட்டர் காரில், கேமைச் சுழற்ற ரயில் இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் கம்பிகளைப் போலவே மூன்று கம்பிகளை வைத்துவிட்டார்! எதற்கு இவ்வளவு பாடு? பணக்கார வாடிக்கையாளர்களுக்குச் சத்தம் பிடிக்கவில்லை. மனிதன் சின்ன வயதில் கற்றதை எங்கே எடுத்துப் பயன்படுத்துவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

மலிவாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும் என்றால் செயின்தான் வழி. ஆனால் செயினுக்குத் தொய்வு உண்டே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொய்வு என்றாலே குறை என்று நினைக்காதீர்கள். இன்ஜின் சூடாகும்போது உலோகம் விரிகிறது. கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் சற்றுக் கூடுகிறது. குளிர்ந்திருக்கும்போது செயினை வீணைத் தந்தி போல முறுக்கி மாட்டினால், சூட்டில் அது தாங்கிகளைத் தின்றுவிடும். ஆகவே கொஞ்சம் தொய்வு வேண்டும். அது தொய்ந்த பக்கத்தில் மட்டும், அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டும். அடங்காவிட்டால் என்ன ஆகும்? கேமின் குமிழ் ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைத் திறக்கும்போது செயின் இழுபடுகிறது. வால்வு மூடும்போது அதே ஸ்பிரிங் குமிழைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. கேம் ஒரு கணம் முந்தி ஓடப் பார்க்கிறது. இறுகிய பக்கம் ஒரு கணம் தளர்கிறது. இழு, விடு, இழு, விடு என்று நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. தொய்வு அதிகமானால் செயின் சாட்டை போல அடித்து உறையில் மோதும். அந்தக் கடகட சத்தத்தோடு வால்வு நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஊசலாடும்.

இதற்கு எளிமையான மருந்து கண்டவர் ஜான் வெல்லர். லண்டனின் மேற்கு நார்வுட் பகுதியில் பட்டறை வைத்திருந்தவர். அவருக்கு முதல் போட்டது ஜான் போர்ட்வைன் என்ற இறைச்சிக் கடைக்காரர். கடைச் சாமான்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோக ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அதற்கு ஆட்டோ கேரியர் என்று பெயர். அந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்துகள்தான் பிறகு ஏ.சி. கார்கள் என்ற பெயரானது. 1919-இல் வெல்லர் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக் காட்டினார். அலுமினிய உடல், தலையில் கேம், அதைச் சுழற்றச் செயின். செயினின் தொய்ந்த பக்கத்தில் வில் போல வளைந்த ஒரு ஸ்பிரிங் தகடு. பல்லில்லை, திருகில்லை. செயின் தேயத் தேய வில் தானாக நிமிர்ந்து வளைந்து தொய்வை வாங்கிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் அழுத்தும் கம்பி போல அவ்வளவு எளிமை.

வெல்லருக்குத் தன் கம்பெனி நிலைக்கவில்லை. செல்வின் எட்ஜ் என்ற பெரிய மனிதர் நிர்வாகத்துக்குள் வந்தார். 1922-இல் வெல்லரும் போர்ட்வைனும் வெளியேறினார்கள். ஆனால் அந்த இன்ஜின் 1926-இல் மான்டி கார்லோ ராலியில் ஏ.சி. காருக்கு வெற்றி தேடித் தந்தது. 1963 வரை உற்பத்தியில் இருந்தது. ஒரே இன்ஜின், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்! வில் தகடு டென்ஷனருக்கு இன்றும் வெல்லர் டென்ஷனர் என்றுதான் பெயர். கம்பெனி கைவிட்டுப் போனாலும் பெயர் தொழிலில் தங்கிவிட்டது.

சரி, டென்ஷனர் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? பலரும் இங்கேதான் இடறுகிறார்கள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒரு நாள் போன் செய்தான்.

"சார், ஒரு வண்டி. தினமும் பால் கேன் ஏத்திக்கிட்டு மலை ஏறுற வண்டி. டைமிங் செயின் சத்தம்னு வந்துச்சு. டென்ஷனர் புதுசு போட்டேன், சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா மேட்டுல இழுக்க மாட்டேங்குது. கார்புரேட்டர் கழுவியாச்சு, பிளக் மாத்தியாச்சு. வண்டிக்காரர் 'காசு வாங்கிட்டு வேலையைக் கெடுத்துட்டே'ன்னு கடை முன்னாடி நின்னு சத்தம் போடுறார் சார்."

நான் கேட்டேன்: "டென்ஷனர் எந்தப் பக்கத்தை அழுத்துதுப்பா?"

"தொய்ஞ்ச பக்கத்தை சார்."

"அப்போ இறுகின பக்கத்துல தேஞ்சதை யார் சரி பண்ணுவா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கரும்பலகை இருந்தா நல்லா இருக்கும் சார்" என்றான். கரும்பலகை இல்லாமலே கணக்குப் போட்டோம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கேம் பல் சக்கரத்தில் 28 பல் என்று வைத்துக்கொள்வோம். செயினின் ஒரு கண்ணி கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிய நீளம் 28 × 6.35, ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். அது 360 டிகிரிக்குச் சமம். ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது கேமில் 2 டிகிரி. கிராங்க் இரண்டு மடங்கு சுற்றுவதால் அங்கே 4 டிகிரி.

இப்போது கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே இறுகிய பக்கத்தில் சுமார் 30 கண்ணிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் தலைமுடிப் பருமன் அளவுக்கு, 0.06 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தேய்ந்திருக்கிறது. மொத்தம் 1.9 மில்லிமீட்டர். அதாவது செயின் நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டிருக்கிறது. கிராங்க் இழுக்கிறது, முதலில் இந்த 1.9 மில்லிமீட்டரை வாங்கிக்கொண்ட பிறகுதான் கேம் தன் இடத்துக்கு வருகிறது. கேம் கிட்டத்தட்ட 4 டிகிரி பின்தங்குகிறது. கிராங்க் கணக்கில் 8 டிகிரி.

இதில் டென்ஷனரின் பங்கு என்ன? எதுவும் இல்லை. இறுகிய பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நேர்கோடாக நிற்கிறது. அதன் நீளம்தான் கேமின் இடத்தைத் தீர்மானிக்கிறது. டென்ஷனர் மறுபக்கத்தில் மீதித் தொய்வை அழுத்திச் சத்தத்தை அடக்குகிறது, ஊசலாட்டத்தையும் அடக்குகிறது. ஆனால் பின்தங்கிய 8 டிகிரி அப்படியே இருக்கும். கடிகாரம் டிக் டிக் என்று ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் கால் மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது என்றால் எப்படியோ அப்படி.

பின்தங்கினால் ஏன் மேட்டில் இழுக்காது? பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் உள்ளிழுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது காற்று வந்த வேகத்தில் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்; அதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது அந்த வேகம் இல்லை. வால்வு இன்னும் தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்று பெட்ரோல் கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் வெளியே திருப்பித் தள்ளிவிடும். மிஞ்சுவது குறைவு, அழுத்தம் குறைவு, இழுவை குறைவு. சமவெளியில் வேகமாகப் போகிறவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. பால் கேனோடு மலை ஏறுகிறவருக்கு முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

அவன் உறையைத் திறந்து பார்த்தான். கிராங்கை அடையாளத்துக்குக் கொண்டுவந்தால் கேம் சக்கரத்தின் அடையாளம் பல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்றது. செயினும் இரண்டு பல் சக்கரங்களும் புதிதாகப் போட்டான். வண்டி ஏறியது. பால்காரர் இப்போதும் அவனிடம்தான் வருகிறார்.

பழைய கார்களில் தொல்லை இரட்டிப்பு. நம் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் பி.எம்.சி. வடிவமைப்பு. அதில் கேம் கீழேதான் இருந்தது, ஆனால் அதைச் சுழற்றியது செயின். பிளக்குக்கு மின்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் அந்தக் கேமே சுழற்றியது. செயின் தேய்ந்தால் வால்வு பின்தங்கும். மின்பொறியும் சேர்ந்து பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்து மின்பொறியைச் சரி செய்துவிடலாம். வால்வு அப்படியே பின்தங்கி நிற்கும். "டியூனிங் பண்ணியும் பழைய இழுவை இல்லை" என்று டாக்ஸி ஓட்டுநர்கள் சொன்னதற்குப் பின்னால் எத்தனை தேய்ந்த செயின்கள் இருந்தனவோ!

பின்தங்கியதைச் செயின் மாற்றாமலே திருத்த வழி உண்டா? உண்டு. அதைப் பெரிய கார் ஒன்றிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தன. தொழிற்சாலை தீப்பற்றினால் அணைக்க இரவுக் காவல் முறை வைத்திருந்தார்கள். அப்படிக் காவல் இருந்த இரவுகளில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் ஹேய்ன்ஸ், வால்ட்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் போர் முடிந்த பிறகு செய்யப்போகும் இன்ஜினைப் பற்றிப் பேசித் திட்டமிட்டார்கள். 1948-இல் லண்டன் கார் கண்காட்சியில் அது ஜாகுவார் எக்ஸ்.கே. 120 காரில் வெளியே வந்தது. தலையில் இரண்டு கேம். முன்மாதிரியில் ஒரே நீளச் செயின் போட்டுப் பார்த்தபோது கீச்சென்று ஒலித்ததால், கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு செயின்களாகப் பிரித்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது மேல் செயினுக்கு அவர்கள் செய்த ஏற்பாடு. தொய்வை வாங்க, அச்சு ஒருபக்கமாகத் தள்ளி வைக்கப்பட்ட நடுச் சக்கரம் ஒன்று; அதைத் திருப்பினால் செயின் இறுகும். அது டென்ஷனர் வேலை. அதோடு நிறுத்தவில்லை. கேமுக்கும் அதன் பல் சக்கரத்துக்கும் நடுவே பொடிப் பொடியான பற்கள் கொண்ட ஒரு தட்டு வைத்தார்கள். கேமில் ஒரு வெட்டு. அதில் பொருந்தும் ஒரு அளவுத் தகடு. தகட்டை வைத்துக் கேமைச் சரியான இடத்தில் நிறுத்தி, பொடிப்பல் தட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால், செயின் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் நேரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். தொய்வை வாங்குவது ஒரு வேலை, நேரத்தைத் திருத்துவது இன்னொரு வேலை என்று தெளிவாகப் பிரித்து வைத்தவர்கள் அவர்கள். அந்த இன்ஜின் 1992 வரை உற்பத்தியில் இருந்தது. விலை குறைந்த வண்டிகளில் இந்தப் பொடிப்பல் தட்டை எதிர்பார்க்க முடியாது. அங்கே செயினை மாற்றுவதுதான் வைத்தியம்.

அமெரிக்கர்கள் அமைதியை வேறு வழியில் தேடினார்கள். 1960-களில் அங்கே பல வி-8 இன்ஜின்களில் கேம் சக்கரத்தின் பற்களை நைலானில் செய்தார்கள். புதிதில் பூனை போல ஓடியது. ஆண்டுகள் போகப் போக நைலான் சூட்டில் வறண்டு விரிசல் விட்டது. துண்டுகள் ஆயில் தொட்டியில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தன. சத்தத்துக்குப் பயந்து நேரத்தைப் பணயம் வைத்த கதை இது, என் கருத்தில்.

1962-இல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் கிளாஸ் என்ற சிறு நிறுவனம் செயினையே தூக்கிப் போட்டுவிட்டு, தன் 1004 காரில் பல் வைத்த பெல்ட்டால் கேமைச் சுழற்றியது. விற்பனைக் காரில் அது முதல் முறை. பெல்ட்டில் பின் இல்லை, புஷ் இல்லை; ஆகவே கண்ணிகளின் தேய்மானமும் இல்லை. உள்ளே ஓடும் இழைகள் நீளாமல் பிடித்துக்கொள்ளும். ஆயிலும் வேண்டாம், சத்தமும் இல்லை. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800-இலும் பெல்ட்தான். ஆனால் செயின் முனகி, கடகடத்து, மாதக்கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் சாகும். பெல்ட் ஒரு நாள் சொல்லாமல் அறுந்துவிடும்.

நம் ஊரில் டைமிங் செயின் பேச்சு டீக்கடை வரை வந்தது 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ராஜ்தூத், ஜாவா, எஸ்டி எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக். வால்வும் இல்லை, கேமும் இல்லை. சிடி 100-இன் 97.2 சிசி இன்ஜினில் தலையில் கேம், அதற்கு மெல்லிய செயின். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஊரே வியந்தது. சில வருடங்கள் கழித்து, "டைமிங் செயின் சத்தம் கேக்குது" என்ற வாசகமும் ஊரெல்லாம் பரவியது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். கோயம்புத்தூரில் 1937-இல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் பிறகு ரோலான் செயின்களுக்குப் பேர் வாங்கியது. சென்னையில் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. டயமண்ட் செயின் தொடங்கியது. அந்த டயமண்ட் யார் தெரியுமா? 1903-இல் ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தில் விசிறிகளைச் சுழற்றிய செயினைச் செய்த இண்டியானாபொலிஸ் கம்பெனி. மான்செஸ்டர் ரெனால்டு நிறுவனமும் 2008-இல் எல்.ஜி.பி.யோடு கூட்டுச் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. பஞ்சாலைக்காகப் பிறந்த செயின் கடைசியில் பஞ்சாலைகளின் ஊருக்கே வந்தது பொருத்தம்தான்.

பெல்ட் மாற்றும் செலவு வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் பல மீண்டும் செயினுக்குத் திரும்பின. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்றார்கள். ஆனால் உராய்வைக் குறைக்கச் செயின் மெலிந்தது. ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டது. பழைய ஆயிலில் மிதக்கும் கரி, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உப்புத்தாள் போல வேலை செய்யும். 2007-இல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் இன்ஜினில் செயினை கியர் பாக்ஸ் பக்கம் வைத்தார்கள். பல கார்களில் செயின் தேய்ந்து அறுந்து பெரிய செலவு வைத்தது. இன்ஜினையோ கியர் பாக்ஸையோ இறக்காமல் அதில் கை வைக்கவே முடியாது. ஆயில் விலையை மிச்சம் பிடிப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்கவும்.

இப்போதைய டென்ஷனர்களில் பெரும்பாலானவை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி கடகடத்துவிட்டு அடங்கினால், ஆயில் அழுத்தம் வந்து சேரும் வரை செயின் தளர்ந்து கிடந்தது என்று பொருள். அந்த விநாடிகள் வாரத்துக்கு வாரம் கூடுகின்றனவா என்று கவனியுங்கள்.

கார்களில் கிராங்குக்கு ஒரு சென்சார், கேமுக்கு ஒரு சென்சார் இருக்கின்றன. இரண்டு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் பி0016 என்ற குறியீட்டைக் காட்டி விளக்கைப் போடும். ஜாகுவார்காரர்கள் அளவுத் தகடு வைத்துப் பார்த்ததை இப்போது மின்சாரம் பார்க்கிறது. சென்சார் கோளாறாலும் இந்தக் குறியீடு வரலாம். ஆனால் சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினால், செயினைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

நம் சின்ன பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேம் சென்சார் கிடையாது. அங்கே காதும் டைமிங் மார்க்கும்தான். மார்க் பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கிராங்கை இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பி அடையாளத்துக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பிச் சரி செய்யாதீர்கள். இன்னும் ஒரு சுற்று முன்னோக்கியே சுற்றி வாருங்கள். பின்னோக்கித் திருப்பினால் தொய்வு இறுக வேண்டிய பக்கத்துக்குப் போய்விடும். அப்புறம் அடையாளம் காட்டுவது உண்மையான நேரம் அல்ல.

அம்பாசடர் இன்ஜின் இறக்கி ஏற்றிய அனுபவம் உள்ள பெரியவர்கள் யாராவது இருந்தால், அந்தக் காலத்தில் தேய்ந்த செயினை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.